பனிக்குட நீர்ப் பரிசோதனை பல ஆண்டுகள் கழித்தும் குழந்தையைப் பாதிக்குமா?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இப்போது ஆறு வயது. ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவளைச் சுமந்தபோது எனக்கு வயது 36. ரத்தப் பரிசோதனையில் குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் என்ற குரோமோசோம் கோளாறு இருக்க 140-இல் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பதாக வந்தது. அதனால் பதினாறாவது வாரத்தில், வயிற்றின் வழியே ஊசி செலுத்திப் பனிக்குட நீரை எடுக்கும் ஆம்னியோசென்டெசிஸ் பரிசோதனையைச் செய்துகொண்டேன். குரோமோசோம்கள் 46-உம் சரியாக இருப்பதாக முடிவு வந்தது. முப்பத்தெட்டு வாரம் நிறைந்து, 2.9 கிலோ எடையோடு, எந்தச் சிக்கலும் இல்லாமல் அவள் பிறந்தாள்.

இரண்டரை வயதிலிருந்து அவளுக்குக் காது நோய் விட்டபாடில்லை. சளி பிடித்த மூன்றாம் நாள் இரவு காதைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்குவாள். கடந்த ஓராண்டில் மட்டும் நான்கு முறை ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறோம். பெயர் சொல்லி அழைத்தால் முதல் தடவையில் திரும்பிப் பார்ப்பதில்லை என்று வகுப்பாசிரியர் சென்ற மாதம் சொன்னார். அதைக் கேட்ட என் மாமியார், “வயித்துல ஊசி போட்டப்பவே பிள்ளைக்கு என்னமோ ஆயிருக்கு” என்றார். அவர் என் மகள்மீது உயிரையே வைத்திருப்பவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் எனக்குள் தைத்துவிட்டது. இணையத்தில் தேடியபோது, இந்தப் பரிசோதனைக்கும் குழந்தைகளின் காது நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று சொல்லும் ஆய்வுச் சுருக்கம் ஒன்றும் கண்ணில் பட்டது. அது உண்மையா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

இதை இப்போது கேட்க இன்னொரு காரணமும் உண்டு. என் தங்கை பன்னிரண்டு வாரக் கர்ப்பமாக இருக்கிறாள். என்.டி. ஸ்கேனில் குழந்தையின் பிடரியில் உள்ள நீரின் அளவு 3.8 மில்லிமீட்டர் என்று வந்திருக்கிறது. இப்போதே நச்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கும் சி.வி.எஸ். செய்யலாம், அல்லது பதினாறு வாரம் வரை காத்திருந்து பனிக்குட நீரை எடுக்கலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். “அக்கா, நீ செய்துகொண்டவள்தானே, என்ன சொல்கிறாய்?” என்று அவள் கேட்கிறாள். எனக்கு வாய் வரவில்லை.

---

நெல்லிமரம் எழுதியது:

அன்புச் சகோதரிக்கு, நான் மருத்துவர் அல்ல. நீங்கள் நிற்கும் இடத்தில் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நின்றவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

எனக்கும் என் கணவருக்கும் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தச்சோகை நோயின் மரபணு இருக்கிறது. இருவருமே நோயற்ற கடத்திகள். எங்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடும் தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பது மூத்த மகள் பிறந்து எட்டாம் மாதத்தில், அவள் முகம் வெளிறிப் போய், வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை அவளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். நரம்பு கிடைக்காமல் செவிலியர் அவளுடைய புறங்கையைத் தட்டித் தட்டித் தேடும் அந்தச் சில நிமிடங்கள் இன்றுவரை எனக்குப் பழகவில்லை.

இரண்டாவதாகக் கருவுற்றபோது, பன்னிரண்டாம் வாரத்தில் சி.வி.எஸ். செய்துகொண்டேன். அந்தப் பரிசோதனையால் கை கால் விரல்கள் இல்லாமல் குழந்தை பிறக்கும் என்று யாரோ ஓர் உறவினர் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னார். அடுத்த ஆறு மாதம் அந்த நினைப்போடுதான் படுத்தேன், எழுந்தேன். மகன் பிறந்து என் பக்கத்தில் கிடத்தியபோது அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் விரல்களைத்தான் எண்ணினேன். இருபதும் இருந்தன. நோயில்லாமல் பிறந்த அவன் இப்போது நான்காம் வகுப்பில் படிக்கிறான். மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறுகிறான்.

உங்கள் மாமியார் சொன்னதைப் போன்ற சொற்களை நானும் கேட்டிருக்கிறேன். பிள்ளைக்குத் தும்மல் வந்தால்கூட ஊசியைத்தான் சொல்வார்கள். அந்த ஊசி இல்லாமல் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. விரல்களைப் பற்றிய அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் விவரம் தெரிந்த யாராவது இங்கே விளக்கினால் எனக்கும் உதவியாக இருக்கும்.

---

வேம்படி எழுதியது:

நான் குழந்தைநல மருத்துவராக முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் மகளை நேரில் பார்க்காமல் அவளுடைய நோயைப் பற்றி முடிவு சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் இந்தப் பரிசோதனைகளைப் பற்றித் தெரிந்ததைச் சொல்ல முடியும்.

காவிரிக்கரை அவர்கள் பார்த்த சுருக்கம் கனடாவின் டொராண்டோவில் நடந்த ஆய்வினுடையதாக இருக்கக்கூடும். 1990-இல் வெளிவந்த அந்த ஆய்வில், கருவுற்ற காலத்தின் நடுப்பகுதியில் பனிக்குட நீர் எடுக்கப்பட்ட குழந்தைகளை நான்கு வயதில் அழைத்து, அறிவு வளர்ச்சி, நடத்தை, உடல்நிலை ஆகியவற்றைப் பரிசோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் வேறுபாடு இல்லை. ஆனால் காது நோய் வந்ததாகத் தாய்மார் சொன்னதும், இரு காதுகளிலும் நடுக்காது அழுத்தம் மாறியிருந்ததும் இந்தக் குழந்தைகளிடம் சற்று அதிகமாக இருந்தன. ஆகவே நீங்கள் படித்தது பொய்யல்ல. ஆனால் அது மிகச் சிறிய குழுவை வைத்துச் செய்த ஆய்வு. பத்துப் பதினைந்து விஷயங்களை ஒரே சமயத்தில் ஒப்பிடும்போது அவற்றில் ஒன்றிரண்டு தற்செயலாகவே வேறுபட்டு நிற்பதுண்டு.

அதே நாட்டில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் நடந்து 1994-இல் வெளிவந்த ஆய்வுதான் உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லக்கூடியது என்று நான் கருதுகிறேன். தாய்க்குப் பனிக்குட நீர்ப் பரிசோதனை செய்யப்பட்டுப் பிறந்த 1,296 குழந்தைகளையும், அது செய்யப்படாத 3,704 குழந்தைகளையும், 7 முதல் 18 வயது வரையிலான காலத்துக்கு மாகாணத்தின் உடற்குறைப் பதிவேட்டில் தேடிப் பார்த்தார்கள். கேட்கும் திறன், பார்வை, கற்றல், கை கால் குறைபாடு என்று எதிலும் பரிசோதனை செய்யப்பட்ட குழந்தைகள் அதிகமாகப் பதிவாகவில்லை. ஒன்றே ஒன்றில் மட்டும் வேறுபாடு இருந்தது: தாய்க்கும் குழந்தைக்கும் ஏ, பி, ஓ ரத்த வகை பொருந்தாமையால் பிறந்தவுடன் வரும் ரத்தச் சிதைவு. ஊசி நச்சுக்கொடியைத் தொடும்போது குழந்தையின் ரத்தம் சிறிதளவு தாயின் ரத்தத்தோடு கலந்தால், தாயின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கக்கூடும் என்பதால் இது நம்பக்கூடிய வேறுபாடுதான். அதனால் வரும் மஞ்சள் காமாலைக்குப் பெரும்பாலும் நீல விளக்குச் சிகிச்சையே போதும்.

இந்தப் பேச்சில் எல்லோரும் ஊசியைப் பற்றியே கேட்கிறார்கள். ஊசி எந்த வாரத்தில் போடப்பட்டது என்று கேட்பவர் மிகக் குறைவு. என் அனுபவத்தில் அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பதினாறாவது வாரத்தில் பனிக்குடத்தில் ஏறத்தாழ 180 மில்லிலிட்டர் நீர் இருக்கும். அதில் 15 முதல் 20 மில்லிலிட்டர் எடுத்தால், குழந்தை சிறுநீர் கழிக்கக் கழிக்க அது விரைவிலேயே ஈடாகிவிடும். பன்னிரண்டாம் வாரத்தில் மொத்த நீரே 50, 60 மில்லிலிட்டர்தான். அதில் பத்து மில்லிலிட்டர் எடுத்தாலும் ஐந்தில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. கால் பாதங்கள் வடிவம் பெற்றுக்கொண்டிருக்கும் அந்த நாட்களில் குழந்தை அசைவதற்கு இடம் குறைகிறது; துளை வழியே நீர் கசிந்தால் இன்னும் குறைகிறது. 1990-களில் முடிவை விரைவில் தெரிந்துகொள்ளும் ஆவலில் பல நாடுகளில் பதினொன்று, பன்னிரண்டாம் வாரங்களிலேயே பனிக்குட நீரை எடுக்கத் தொடங்கினார்கள். அதைச் சோதிக்கக் கனடாவில் 4,374 பெண்களைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தப்பட்டு, 1998-இல் முடிவு வெளிவந்தது. முன்கூட்டியே எடுத்தவர்களின் குழந்தைகளில் 1.3 சதவீதம் பேருக்கு வளைபாதம் இருந்தது. பதினைந்து, பதினாறு வாரங்களில் எடுத்தவர்களின் குழந்தைகளில் அது 0.1 சதவீதம் மட்டுமே. கருச்சேதமும் முதல் குழுவில் கூடுதலாக இருந்தது. அதன் பிறகு, பதினைந்து வாரம் நிறைவதற்கு முன் பனிக்குட நீரை எடுக்கக் கூடாது என்பதே விதியாகிவிட்டது.

நெல்லிமரம் கேட்டதற்கும் இதே விடைதான். 1991-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள், சி.வி.எஸ். செய்யப்பட்ட 289 கர்ப்பங்களில் ஐந்து குழந்தைகளுக்குக் கை கால் உறுப்புக் குறைபாடு இருந்ததாக எழுதினார்கள். உலகம் முழுவதும் அது பெரும் அச்சத்தைக் கிளப்பியது. உங்கள் உறவினர் படித்தது அந்தச் செய்தியின் நிழலாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த ஐந்து பேருக்கும் கர்ப்பத்தின் 56-ஆம் நாளுக்கும் 66-ஆம் நாளுக்கும் இடையில், அதாவது எட்டு, ஒன்பது வாரத்தில், பரிசோதனை நடந்திருந்தது. விரல்கள் உருவாகிக்கொண்டிருக்கும்போது நச்சுக்கொடியைச் சீண்டினால் ரத்த ஓட்டம் தடைபடலாம். இப்போது பத்து வாரத்துக்கு முன் அதைச் செய்வதில்லை. பெரும்பாலும் பதினொன்று முதல் பதினான்கு வாரத்துக்குள் செய்கிறார்கள். நீங்கள் செய்துகொண்ட பன்னிரண்டாம் வாரம் பாதுகாப்பான எல்லைக்குள்தான் இருந்தது. அந்த ஆறு மாதக் கவலையை உங்களுக்குக் கொடுத்தது ஊசியல்ல, அரைகுறையாகக் கைமாறிய தகவல் என்பதை எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பரிசோதனை அறையில் யாராவது ஐந்து நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் அது தேவைப்பட்டிருக்காது.

இனி காவிரிக்கரை அவர்களின் மகளைப் பற்றி. இரண்டரை வயதில் தொடங்கி, சளியோடு சேர்ந்து வந்து, ஆறு வயதில் அழைத்தால் திரும்பாத அளவுக்குப் போயிருக்கும் காது நோய்க்கு முதலில் தேட வேண்டிய இடம் மூக்கின் பின்புறம் வளரும் அடினாய்டு சதை. நடுக்காதில் பசைபோல நீர் தேங்கியிருக்கலாம். குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாளா, குறட்டை விடுகிறாளா, வீட்டில் புகைபிடிப்பவர் உண்டா என்று பாருங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று டிம்பனோமெட்ரி என்ற நடுக்காது அழுத்தப் பரிசோதனையையும், ஆடியோமெட்ரி என்ற கேட்புத்திறன் பரிசோதனையையும் தவறாமல் செய்துகொள்ளுங்கள். வலியற்ற பரிசோதனைகள் அவை. பள்ளியில் முதல் இரண்டு ஆண்டுகள் சரியாகக் காது கேட்காத குழந்தையைக் கவனக்குறைவானவள் என்று முத்திரை குத்திவிடுவார்கள். எனக்கு அந்தக் கவலைதான் பெரிதாகத் தெரிகிறது.

---

பொதிகைத்தென்றல் எழுதியது:

வேம்படி ஐயா அவர்களின் விளக்கம் மிகவும் பயனுள்ளது. ஆயினும் ஒரு முக்கியமான ஆய்வு விடுபட்டிருப்பதாக நினைக்கிறேன். நான் மருத்துவப் புள்ளியியல் துறையில் வேலை செய்கிறேன். இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்பவர்கள் பொதுவாக வயது கூடியவர்கள், அல்லது ஸ்கேனிலோ ரத்தத்திலோ ஏதோ ஒரு சந்தேகம் எழுந்தவர்கள். அவர்களுடைய குழந்தைகளை மற்றவர்களின் குழந்தைகளோடு ஒப்பிட்டால், தென்படும் வேறுபாடு ஊசியால் வந்ததா, ஊசி தேவைப்பட்ட காரணத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

அந்தச் சிக்கலைத் தாண்டிய ஆய்வு டென்மார்க்கில் நடந்து 1986-இல் வெளிவந்தது. 25 முதல் 34 வயது வரையிலான, எந்த ஆபத்தும் இல்லாத 4,606 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் பனிக்குட நீர் எடுத்தார்கள். கருச்சேதம் நீர் எடுக்கப்பட்ட குழுவில் 1.7 சதவீதம், மற்றொன்றில் 0.7 சதவீதம். இந்த எண்களை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் பிறந்த குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் ஏறத்தாழ இரு மடங்கும், நிமோனியா ஏறத்தாழ இரண்டரை மடங்கும் இருந்தன என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். அதற்கு முன் 1978-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்விலும் பிறந்த குழந்தைகளுக்கு மூச்சுச் சிக்கல் சற்று அதிகமாக இருந்தது. குரங்குகளில் செய்த சோதனையொன்றில் நுரையீரலின் காற்றறைகள் குறைந்திருந்ததாக 1982-இல் எழுதியிருக்கிறார்கள். எனவே நீண்டகாலப் பாதிப்பு இல்லவே இல்லை என்று அழுத்தமாகச் சொல்வது சரியாகுமா என்பதை ஐயா தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

---

வேம்படி எழுதியது:

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

வயிற்றில் இருக்கும் குழந்தை பனிக்குட நீரை உள்ளிழுத்து வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. நுரையீரல் விரிந்து வளர அந்த நீரின் அழுத்தம் தேவை. வாரக்கணக்கில் நீர் கசிந்துகொண்டே இருந்தால் நுரையீரல் சுருங்கிப் போவதைப் பிரசவ வார்டுகளில் பார்த்திருக்கிறோம். ஆகவே டென்மார்க் ஆய்வு கண்டதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அது பிறந்த சில நாட்களில் தெரிந்த சிக்கல். 1976-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், பரிசோதனை செய்யப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களில் பிறந்த குழந்தைகளை ஒரு வயது வரை பார்த்தபோது மற்ற குழந்தைகளோடு வேறுபாடு தெரியவில்லை. பிறந்தபோது மூச்சுத்திணறல் இல்லாமல், குறைமாதமாகவும் இல்லாமல் வந்த குழந்தைக்கு ஆறு ஆண்டு கழித்து வரும் நோயை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1970-களில் பல இடங்களில் ஸ்கேன் துணையில்லாமல், கையால் தடவிப் பார்த்தே ஊசி போட்டார்கள். குழந்தையின் தோலில் ஊசி பட்ட குழித்தழும்புகள் அக்கால மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இன்று ஊசியின் நுனியைத் திரையில் விடாமல் பார்த்துக்கொண்டே செலுத்துகிறார்கள், ஊசியும் மெலிந்துவிட்டது. கருச்சேத ஆபத்தையும் டென்மார்க் ஆய்வின் எண்ணை வைத்துச் சொல்வது இப்போது பொருந்தாது. தேர்ந்த கைகளில் இரண்டு பரிசோதனைகளுக்கும் அது 0.5 சதவீதத்துக்கும் குறைவு என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2021-இல் வகுத்த வழிகாட்டுதல் கூறுகிறது.

தங்கையைப் பொறுத்தவரை, 3.8 மில்லிமீட்டர் என்பது தாயின் ரத்தத்தில் மட்டும் பார்க்கும் என்.ஐ.பி.டி. பரிசோதனையோடு விட்டுவிடக்கூடிய அளவல்ல. அந்த ரத்தப் பரிசோதனை டவுன் சின்ட்ரோம் போன்ற சிலவற்றை நன்றாகக் காட்டும். மற்ற பல குரோமோசோம் மாற்றங்களைத் தவறவிடும். மருத்துவர் சொன்ன இரண்டில் எதைத் தேர்ந்தாலும் குழந்தையின் பிற்கால உடல்நலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. சி.வி.எஸ். செய்தால் ஒரு மாதம் முன்னதாக விடை கிடைக்கும். ஆனால் நூறில் ஒருவருக்கு நச்சுக்கொடியில் மட்டும் இயல்பான செல்களும் குரோமோசோம் மாறிய செல்களும் கலந்திருந்து, பிறகு பனிக்குட நீரையும் எடுத்துப் பார்க்க வேண்டி வரலாம். நான்கு வாரம் காத்திருக்க மனம் தாங்குமா என்பதை அவர்தான் சொல்ல முடியும். குரோமோசோம்கள் சரியாக இருந்தாலும் குழந்தையின் இதயத்தை எக்கோவில் பார்த்துவிட வேண்டும். நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டியிருக்கும். பரிசோதனையே அதற்காகத்தான் என்று வீட்டில் யாராவது நினைத்தால் அந்தப் படிவத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

---

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஐயா கேட்ட கேள்வியைப் படித்ததும் அலமாரியிலிருந்து என் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். “16 வாரம் 3 நாள், 22 கேஜ் ஊசி, ஒரே முறை செலுத்தப்பட்டது, 15 மி.லி. தெளிந்த நீர், நச்சுக்கொடி பின்பக்கம், கசிவு இல்லை” என்று எழுதியிருக்கிறது. ஆறு ஆண்டுகளாக வீட்டிலேயே இருந்த தாளை இப்போதுதான் பொருள் புரிந்து படிக்கிறேன். மாமியாருக்கும் படித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப காது டாக்டர்கிட்ட எப்ப போறோம்?” என்று கேட்டார். வரும் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். ஐயா சொன்னதுபோல அவள் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறாள்.

தங்கை சி.வி.எஸ். செய்துகொள்ள முடிவு செய்திருக்கிறாள். அவளுடைய ரத்த வகை ஓ நெகட்டிவ், அவள் கணவருடையது பி பாசிட்டிவ். இதனால் ஏதேனும் சிக்கல் வருமா?

---

வேம்படி எழுதியது:

வரலாம், ஆனால் தடுக்கக்கூடியது. பரிசோதனைக்கு முன் அவருடைய ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று மறைமுக கூம்ஸ் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அது நெகட்டிவாக இருந்தால், பரிசோதனை நடந்த 72 மணி நேரத்துக்குள், எதிர்ப்பொருள் உண்டாவதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். இதைத் தவறவிட்டால் எதிர்ப்பொருளால் வரும் பாதிப்பு இந்தக் குழந்தையைவிட அடுத்த குழந்தையைத்தான் கடுமையாகத் தாக்கும். அன்று கூட்டத்தில் யாரும் மறந்துவிடக்கூடும் என்பதால், கோப்பின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் “ஓ நெகட்டிவ்” என்று பெரிதாக எழுதிக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.